இடைச்சொல்லும் செருகுநிரலும்

முன்னுரை

சொற்களைப் பெயர், வினை, இடை, உரி என நால்வகைப்படுத்தி உரைத்தனர் நம் இலக்கண ஆசிரியர்கள். இவற்றுள் இடைச்சொல் தனித்து இயங்கும் இயல்பு இல்லாதது. பெயரையும் வினையையும் சார்ந்து நின்றே பொருள் தருவது என்பது தொல்காப்பியர் கொள்கை. தனித்து நில்லாதது என்பதால் அதனைச் சிறுமையுடையது எனக் கருதிவிடலாகாது. 'மகளைத் தாய் அழைத்தாள்' என்னும் தொடரில் 'ஐ' என்னும் ஓர் உருபை நீக்கிவிடின், அழைத்தவர் எவர், அழைக்கப்பட்டவர் எவர் என்பது விளங்காமற் போகும்.

கணிப்பொறி உலகிலும் இத்தகைய இடைச்சொற்கள் உள. ஆங்கிலத்தில் 'பிளக்-இன்' என வழங்கும் அவற்றைத் தமிழில் செருகுநிரல் என்கின்றோம். நிரல் எழுதுவோர் கையாளும் கருவிகளைச் செருகுநிரல்கள் எவ்வாறு விரிவாக்குகின்றன என்பதையும், அப்பணியில் தமிழ் பயின்றோர்க்கு உரிய பங்கு யாது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது பொறியியல் மாணவர்க்கு உரிய பொருள் அன்றோ, தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். அவ்வினாவிற்குரிய விடையையும் இக்கட்டுரை தரும்.

பட்டறை காட்டும் பாடம்

நம் வட்டாரத்திலிருந்தே தொடங்குவோம். 1970களில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்த பின்னர் ஓசூரின் முகம் மாறியது. 1980இல் டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி இவ்வூரிலிருந்து வெளிவந்தது. அசோக் லேலண்டின் கனரக வண்டிகளும், டைட்டன் கைக்கடிகாரங்களும் ஓசூரின் பெயரை நாடறியச் செய்தன. இப்பேராலைகளைச் சூழ்ந்து, உதிரிப் பாகங்கள் செய்து தரும் சிறு பட்டறைகள் பல தோன்றின. இவற்றில் பணிபுரிவோர் குடும்பங்களிலிருந்து நம் வகுப்பறைக்கு வரும் மாணவர்கள் பலர்.

அத்தகைய பட்டறை ஒன்றில் உள்ள லேத்து எந்திரத்தை நோக்குவோம். அதன் பின்பகுதியை டெயில்ஸ்டாக் என்பர். அதன் நடுவே கூம்பு வடிவில் ஒரு துளை இருக்கும். துளையிடப் பயன்படும் டிரில்லின் காம்பும் அதே சரிவுள்ள கூம்பாக அமைந்திருக்கும். காம்பைத் துளையினுள் அழுத்திச் செருகினால், திருகாணி ஏதுமின்றி உராய்வினாலேயே அது இறுகப் பற்றிக்கொள்ளும். மோர்ஸ் டேப்பர் எனப்படும் இச்சரிவின் அளவுகள் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவரால் வகுக்கப்பெற்றவை. ஒவ்வோர் அளவிற்கும் ஓர் எண் உண்டு. எந்திரம் ஒரு நாட்டிலும் டிரில் வேறொரு நாட்டிலும் செய்யப்பட்டிருக்கலாம். செய்த இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் எண் பொருந்தினால் கருவி பொருந்தும்.

காம்பு சிறிதாகவும் துளை பெரிதாகவும் இருப்பின், ஸ்லீவ் என்னும் உறையை இடையே இட்டுப் பொருத்துவர். தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. 'மரம்' என்னும் பெயர் 'ஐ' உருபை ஏற்கும்போது 'மரமை' என ஆவதில்லை. இடையே 'அத்து' என்னும் சாரியை வந்து 'மரத்தை' என்றாகின்றது. பட்டறையில் ஸ்லீவ் செய்யும் பணியை மொழியில் சாரியை செய்கின்றது எனலாம். இரு பொருள்கள் இணைய வேண்டுமாயின் இணைப்பிற்கென ஒரு விதி வேண்டும் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

செருகுநிரல் இயங்கும் முறை

இதே ஓசூர் நெடுஞ்சாலையில் மாநில எல்லையைக் கடந்து பெங்களூரு நோக்கிச் சென்றால் எலக்ட்ரானிக் சிட்டி என்னும் மென்பொருள் வளாகம் எதிர்ப்படும். ஒரே சாலையின் ஒரு முனையில் இரும்பைக் கடைவோர். மறுமுனையில் நிரலை எழுதுவோர். நிரல் எழுதுவோர்க்கும் ஒரு லேத்து உண்டு. அதுவே உரைத்தொகுப்பி. நிரலின் வரிகளை எழுதவும், திருத்தவும், பிழை காணவும், இயக்கிப் பார்க்கவும் அது பயன்படுகின்றது.

உலகில் வழங்கும் நிரல்மொழிகள் மிகப் பல. ஒரே உரைத்தொகுப்பி இவை அனைத்தையும் அறிந்திருத்தல் இயலாது. அறிந்திருப்பினும் அதன் பருமன் தாங்கொணாததாகிவிடும். ஆகவே அடிப்படைப் பணிகளை மட்டும் தன்னகத்தே கொண்டு, ஏனையவற்றைப் பிறர் செருகிக்கொள்ள இடம்விட்டு அதனை அமைக்கின்றனர். இடந்தரும் நிரலைத் தாய்நிரல் என்றும், வந்து சேர்வதைச் செருகுநிரல் என்றும் கொள்வோம்.

இவ்விணைப்பு மூன்று படிகளில் நிகழ்கின்றது. முதலாவது, இடம் அறிவித்தல். 'என் பட்டியலில் புதிய கட்டளை சேர்க்கலாம், எழுத்துகளுக்கு நிறமூட்டலாம், பிழையின் அடியில் கோடிடலாம்' எனத் தான் தரும் இடங்களைத் தாய்நிரல் முன்கூட்டியே வரையறுத்து வெளியிடும். இரண்டாவது, தன்னை அறிவித்தல். செருகுநிரல் தன் பெயர், பதிப்பெண், தான் சேர்க்கும் கட்டளைகள், எப்போது தன்னை எழுப்ப வேண்டும் என்னும் குறிப்பு ஆகியவற்றைச் சிறு அறிக்கைக் கோப்பாக உடன் கொண்டுவரும். மூன்றாவது, அழைப்பு. தாய்நிரல் தொடங்கும்போது அறிக்கைகளை மட்டும் படித்துக்கொள்ளும். உரிய தேவை எழும்போதுதான் அச்செருகுநிரலை எழுப்பும். நூறு செருகுநிரல்கள் இருப்பினும் கருவி விரைந்து தொடங்குவதற்கு இதுவே காரணம்.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் இருத்தல் வேண்டும். வழக்கமாக நாம் எழுதும் நிரலே பிற நிரல்களை அழைக்கும். செருகுநிரலிலோ தாய்நிரல் அழைக்கும், செருகுநிரல் விடையிறுக்கும். பெயரைச் சார்ந்து நிற்கும் உருபு போல, தனக்கென இயக்கம் இல்லாவிடினும் சார்ந்ததன் பொருளை அது மாற்றிவிடுகின்றது.

வளர்ந்த வரலாறு

இக்கருத்து இன்று நேற்றுத் தோன்றியதன்று. 1976இல் உருவான ஈமேக்ஸ் என்னும் உரைத்தொகுப்பியின் பெயரே 'திருத்தும் குறுங்கட்டளைகள்' என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகும். ரிச்சர்டு ஸ்டால்மன் 1985இல் வெளியிட்ட குனு ஈமேக்ஸ், பயன்படுத்துவோரே லிஸ்ப் மொழியில் எழுதிக் கருவியை விரிவாக்கிக்கொள்ள வழிவகுத்தது.

2001ஆம் ஆண்டு ஐ.பி.எம். நிறுவனம் எக்லிப்ஸ் என்னும் கருவியைத் திறந்த மூலமாக உலகிற்கு வழங்கியது. அதன் நடுக்கரு மிகச் சிறியது. ஜாவா மொழிக்குரிய வசதிகள்கூட அதில் செருகுநிரல்களாகவே அமைந்தன. எக்லிப்ஸின் ஜாவாக் கருவிகளை உருவாக்கியவர்களுள் முதன்மையானவரான எரிக் காமா, பின்னர் மைக்ரோசாப்ட் நிறுவனத்தில் விஷுவல் ஸ்டூடியோ கோடு என்னும் உரைத்தொகுப்பியை ஆக்கிய குழுவிற்குத் தலைமை தாங்கினார். 2015இல் வெளிவந்த அக்கருவியில் செருகுநிரல்கள் தனியானதொரு செயற்கூற்றில் இயங்குகின்றன. ஒரு செருகுநிரல் பழுதுற்று நின்றாலும் எழுதிக்கொண்டிருப்பவரின் கை நிற்பதில்லை.

இருப்பினும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. பத்து உரைத்தொகுப்பிகளும் இருபது நிரல்மொழிகளும் இருப்பின், ஒவ்வொன்றிற்கும் ஒவ்வொன்றாக இருநூறு செருகுநிரல்கள் எழுத வேண்டிவரும். 2016இல் மைக்ரோசாப்ட், ரெட் ஹேட், கோடென்வி ஆகிய நிறுவனங்கள் இணைந்து அறிவித்த 'மொழிச் சேவையக நெறிமுறை' இதற்குத் தீர்வாக அமைந்தது. மொழியை அறிந்த பகுதியைத் தனியாக ஒரு முறை எழுதிவிடலாம். உரைத்தொகுப்பிகள் யாவும் அப்பொது நெறிமுறையின்வழி அதனுடன் உரையாடும். இருநூறு என்றிருந்த பணி முப்பதாகக் குறைகின்றது. பட்டறையின் ஸ்லீவும் இலக்கணத்தின் சாரியையும் செய்யும் பணி இதுவே.

கருவியும் தமிழும்

நம் வட்டாரத்தில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து வழங்குகின்றன. முதல் மூன்றும் இடமிருந்து வலமாக எழுதப்படுவன. உருது வலமிருந்து இடமாக எழுதப்படுவது. தொலைநாட்டில் கருவி செய்பவர் இவற்றை எல்லாம் அறிந்திருப்பார் என எதிர்பார்த்தல் முறையன்று. அவர் அறிந்து செய்யும் நாள்வரை காத்திருத்தலும் நமக்கு ஆகாது. இவ்விடத்தில்தான் செருகுநிரலின் அருமை புலப்படுகின்றது.

இதற்கு நம் மொழியிலேயே சான்று உண்டு. மார்க் டர்டின் என்னும் ஆஸ்திரேலியர் லாவோ மொழியைத் தட்டச்சிடுவதற்கெனத் தொடங்கிய கீமேன் என்னும் மென்பொருள், எம்மொழிக்கும் விசைப்பலகைக் கோப்பு எழுதிச் சேர்க்க இடந்தந்தது. தமிழர்க்குப் பெரிதும் பயன்பட்ட இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் அந்தக் கீமேனையே அடிப்படையாகக் கொண்டவை. லாவோ மொழிக்கென விடப்பட்ட துளையில் தமிழ் பொருந்திற்று. தமிழக அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையைப் பலர் கணிப்பொறியில் கண்டது இத்தகைய வழிகளினாலேயாம்.

இனி, உரைத்தொகுப்பியில் தமிழ் படும் பாட்டைக் காண்போம். 'தமிழ்' என்னும் சொல்லில் எழுத்து மூன்று என்பது சிறு குழந்தையும் அறிந்தது. ஒருங்குறி முறையிலோ அது த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாக அமைகின்றது. எழுத்தெண்ணச் சொன்னால் நிரல்மொழிகள் பல ஐந்து என்றே விடை கூறும். முத்து அண்ணாமலையும் அவருடன் உழைத்தோரும் ஆக்கிய ஓப்பன்-தமிழ் என்னும் நிரல்தொகுப்பைப் பைதான் மொழியுடன் சேர்த்துக்கொண்டால் மூன்று என்னும் சரியான விடை கிட்டும்.

எழுத்தெண்ணிக்கை தவறினால் இழப்பு சிறிது. பெயர் தவறினாலோ அன்றாடப் பிழைப்பே தடைப்படும். ஒரு தொழிற்கூடத்தின் ஊதியப் பட்டியலை எண்ணிப் பார்ப்போம். அதில் 'கௌரி' என்றொரு பெண்மணி, 'சௌகத்' என்றொரு தொழிலாளர். ஒரு பட்டியலில் ஔகாரக் குறியிட்டு முறையாகத் தட்டச்சிட்டுள்ளனர். மற்றொன்றில் எகரக் கொம்பின் அருகே 'ள' என்னும் எழுத்தை இட்டு 'கெளரி', 'செளகத்' என அமைத்துவிட்டனர். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. கணிப்பொறிக்கோ அவை வெவ்வேறு பெயர்கள். தேடினால் 'அவ்வாறு ஒருவர் இல்லை' என்றே அது கூறும். உழைத்தவர் நிற்க, அவர் பெயர் இல்லாமற் போகின்றது. எழுத்துப்பிழை ஒன்று கூலியைத் தடுக்க வல்லது என்பதை நாம் உணர்தல் வேண்டும்.

இலக்கணம் அறிந்தோர் பணி

இப்பிழையைத் தட்டச்சிடும்போதே காட்டும் செருகுநிரல் எழுதுவது கடினமன்று. உரை மாறியது எனத் தாய்நிரல் அறிவிக்கும்போது செருகுநிரல் விழித்தெழுந்து, அவ்வரியைப் படித்து, ஐயத்திற்குரிய இடத்தின் அடியில் கோடிட்டால் போதும். கடினம் வேறோரிடத்தில் உள்ளது. ஐயத்திற்குரிய இடம் எது?

தமிழறியாத பொறியாளர் ஒருவர், 'எகரக் கொம்பை அடுத்து ளகரம் வரின் அதனை ஔகாரக் குறியாக மாற்றுக' என்று விதி எழுதிவிடலாம். அவ்விதி 'கெளரி'யைத் திருத்தும். உடனே 'வெள்ளி'யையும் 'தெளிவு' என்னும் சொல்லையும் சிதைத்துவிடும். அவற்றிலும் கொம்பை அடுத்து ளகரம் வருகின்றதன்றோ! தமிழ் அறிந்தவர் நோக்கினால் வேறுபாடு விளங்கும். 'வெள்ளி'யில் ளகரம் புள்ளி பெற்ற மெய். 'தெளிவு' என்பதில் அது இகரம் ஏறிய உயிர்மெய். 'கெளரி'யில் மட்டுமே ளகரம் குறியேதுமின்றித் தனித்து நிற்கின்றது. ஆகவே, 'கொம்பை அடுத்த ளகரம் புள்ளியோ உயிர்க்குறியோ இன்றி நிற்பின் ஐயுறுக' என்பதே தக்க விதி. 'மௌலவி', 'மௌனம்', 'பௌர்ணமி' முதலிய சொற்கள் பிழைபட எழுதப்படுங்கால் இவ்விதி காட்டிக்கொடுக்கும். 'ஔவை' என்பதை ஒகரமும் ளகரமுமாக எழுதும் பிழைக்கும் இதே முறையில் விதி வகுக்கலாம்.

அவ்விதியும் 'ஐயுறுக' என்றே கூறவேண்டும். 'திருத்துக' எனக் கூறலாகாது. கெளுத்தி மீனைக் 'கெளத்தி' என வழங்குவோரும் உளர். அவர் பேச்சை எழுதும் கதையாசிரியரின் சொல்லைக் கருவி தானாகத் திருத்திவிடுமாயின் அது பெரும் பிழையாகும். எங்கே திருத்துவது, எங்கே வினவுவது என்னும் தெளிவு மொழியறிவினால் மட்டுமே வரக்கூடியது.

மற்றொரு சான்றும் காட்டலாம். ஹங்கேரிய மொழிக்கென லாஸ்லோ நேமெத் என்பவர் உருவாக்கிய ஹன்ஸ்பெல் என்னும் சொற்பிழை திருத்தி, லிபர் ஆபீஸ், பயர்பாக்ஸ் முதலியவற்றில் இயங்குகின்றது. ஹங்கேரியமும் தமிழைப் போல விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஏற்கும் ஒட்டுநிலை மொழி. இதற்கு வேண்டியவை இரண்டு கோப்புகளே. ஒன்று சொற்பட்டியல், மற்றொன்று ஒட்டுகளின் விதி. 'பழம்' என்பதில் ஈற்று மகர மெய்யை நீக்கித் 'த்தை' சேர்த்தால் 'பழத்தை' எனவரும் என்பதை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஆனால் 'நாம்' என்பது 'நம்மை' என்றன்றோ ஆகும்! எந்த மகர ஈறு எவ்வாறு திரியும் என்பதைப் புணரியல் பயின்றவரே சொல்ல வல்லவர். தமிழுக்கு அத்தகைய கோப்புகள் முன்னரே ஆக்கப்பட்டுள்ளன. அவற்றை வளப்படுத்தும் பணி எஞ்சியுள்ளது.

எச்சரிக்கை இரண்டு

நன்மை கூறிய நாம் இடர்களையும் கூறக் கடமைப்பட்டுள்ளோம். முதலாவது, நம்பிக்கை பற்றியது. செருகுநிரல் பெரும்பாலும் பயன்படுத்துவோரின் முழு உரிமையுடன் இயங்குகின்றது. நாம் திறக்கும் கோப்பை அதுவும் படிக்கும். நாம் அனுப்பக்கூடியதை அதுவும் அனுப்பும். தீய நோக்குடன் எழுதப்பட்ட செருகுநிரல்கள் பலமுறை கண்டறியப்பட்டு நீக்கப்பட்டுள்ளன. எழுதியவர் யார், மூலநிரல் வெளிப்படையாக உள்ளதா என்று நோக்கியே எதையும் ஏற்றல் வேண்டும். வீட்டின் திறவுகோலை ஆளறியாது கொடுப்பாரில்லை.

இரண்டாவது, நிலைபேறு பற்றியது. தாய்நிரல் மாய்ந்தால் அதனைச் சார்ந்த செருகுநிரலும் மாயும். 2017 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்ஸ் 57ஆம் பதிப்பு பழைய முறை நீட்சிகளை ஏற்க மறுத்தது. அவற்றைப் புதுமுறையில் மாற்றி எழுத வேண்டியதாயிற்று. கிட்ஹப் நிறுவனத்தின் ஆட்டம் என்னும் உரைத்தொகுப்பி 2022 டிசம்பரில் கைவிடப்பட்டது. அதற்கென எழுதப்பட்டவை சார்பிழந்தன. ஆதலின் தமிழுக்காக உழைப்போர், இலக்கண விதியை ஒரு கருவியின் உட்பகுதியோடு பின்னிவிடாது தனியாக எழுதி வைத்தல் நன்று. இணைப்பு மெல்லியதாகவும், விதி தனித்ததாகவும் இருப்பின் லேத்து பழுதானாலும் டிரில் பிழைக்கும். சொற்பட்டியலைத் தனிக்கோப்பாக வைக்கும் ஹன்ஸ்பெல்லின் முறையும், மொழிச் சேவையக நெறிமுறையும் இவ்வகையில் நமக்கு வழிகாட்டுகின்றன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், செருகுநிரல் என்பது முன்கூட்டியே உடன்பட்ட ஓர் இணைப்பு விதியின்வழிப் பிறர் செய்த கருவியில் நம் தேவையைப் பொருத்தும் முறை என்பதும், அதில் இணைப்பு பொறியாளருக்கும் விதி மொழியறிஞருக்கும் உரியன என்பதும் பெறப்படும். தமிழ்த்துறை மலரில் இப்பொருளுக்கு இடம் ஏன் என்னும் வினாவிற்கும் இதுவே விடை.

மாணவர்கள் செய்யத்தக்க பணி ஒன்றைக் கூறி அமைகின்றோம். ஹன்ஸ்பெல் சொற்பட்டியல் வரிக்கு ஒரு சொல்லாக எழுதப்படும் எளிய உரைக்கோப்பு. அதற்கு நிரலறிவு சிறிதும் வேண்டா. கிருட்டினகிரி மாந்தோப்புகளில் வழங்கும் செந்தூரா, நீலம், பெங்களூரா என்னும் பெயர்களையும், ஓசூர்ப் பட்டறைகளில் நாள்தோறும் பேசப்படும் தொழிற்சொற்களையும், நம் வட்டாரத்து மக்கட்பெயர்களையும் கேட்டுத் தொகுத்து, எழுத்துப்பிழை நீக்கி, எவ்விகுதி எவ்வாறு ஏற்கும் எனக் குறித்துவைத்தால், அதனைக் கருவியில் பொருத்தக் கணிப்பொறித்துறை மாணவர் ஒருவர் துணை போதும். இரு துறை மாணவரும் ஒரு மேசையில் அமர்ந்து இப்பணியைத் தொடங்குவாராயின், 'கௌரி'யும் 'சௌகத்'தும் தேடும்போது கிடைப்பர். அவர்தம் கூலியும் தடையின்றிக் கைவந்து சேரும்.